வைட்டமின் டி 14, இரவு மூன்று மணிக்கு விழிப்பு: மாத்திரை போட்டால் தூக்கம் வருமா?

கேட்டவருக்கு வயது 41. ஆறேழு மாதமாக இரவு இரண்டே முக்கால், மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டிருக்கிறார். பகலில் அலுப்பு, கால் வலி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. ‘அதை 60–80க்கு ஏற்றிவிட்டால் தூக்கம் தானாகச் சரியாகும்’ என்று எங்கேயோ படித்திருக்கிறார். எவ்வளவு மாத்திரை, காலையிலா இரவிலா, எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனை, வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 குறைவுதான், சரிசெய்ய வேண்டும். அது எலும்புக்கும் தசைக்கும் தேவை. கூடவே தூக்கமும் தேறினால் நல்லது. ஆனால் ‘தூக்க மாத்திரை’ என்று நினைத்துக்கொண்டு வைட்டமின் டி-யைத் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து மூன்று மணிக்கு விழித்தபடியே ‘இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போமா’ என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அந்த இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் இந்த எண்களோடு பழகியவன் என்பதால், எண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் அறிக்கையில் 14க்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். நானோகிராம்/மில்லிலிட்டர் என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். சில நாடுகளில் நானோமோல்/லிட்டர் என்ற அலகில் தருவார்கள். முதல் கணக்கை 2.5ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அதாவது 14 நானோகிராம் என்பது 35 நானோமோல். உங்கள் 14 நானோமோல் கணக்கில் வந்திருந்தால் அது நானோகிராமில் 6கூட இல்லை. கடுமையான குறைபாடு, வேறு மாதிரி கையாள வேண்டும். 60–80 என்ற இலக்கைப் படிப்பவர்கள் பலரும் இந்த அலகைக் கவனிப்பதே இல்லை. 75 நானோமோல் இருக்கிற ஒருவர் ‘சரியான இடத்தில் இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொள்வார். 75 நானோகிராம் ஆக்கக் கிளம்பினால் அதே ஆள் இரண்டரை மடங்கு ஏற வேண்டியிருக்கும்.

அடுத்து, எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்பது. பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. தோலில் உண்டாவதும் வாய்வழி வருவதும் கல்லீரலுக்குப் போய் இந்த வடிவமாகத்தான் ரத்தத்தில் சுற்றுகிறது. இரண்டு மூன்று வாரம் தங்கும் பொருள் என்பதால் உடலின் இருப்பை ஓரளவு நேர்மையாகக் காட்டும். 1,25-டைஹைட்ராக்ஸி என்று இன்னொன்று உண்டு. சிறுநீரகம் கடைசியாக உருவாக்கும் செயல்படும் வடிவம் அது. ‘செயல்படும் வடிவம்தானே முக்கியம், அதைப் பார்ப்போம்’ என்று தோன்றும். ஆனால் அது ரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். தவிர, இருப்பு குறைந்தால், ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிச் சிறுநீரகத்தை முடுக்கிவிடும். அதனால் குறைபாடு உள்ளவருக்குக்கூட இந்த எண் இயல்பாகவோ சற்று அதிகமாகவோ வரும். குறைபாட்டைக் கண்டுபிடிக்க இதைப் பார்த்துப் பயனில்லை.

இன்னொரு சின்ன விஷயம், பெரும்பாலோர் சொல்வதில்லை. முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில கருவிகள் பரிசோதனையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் வைட்டமின் டி பொய்யாக உயர்ந்து தெரியும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்திவிடுங்கள், ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். ஆகவே 28 வந்தது, அடுத்த முறை 26 வந்தது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பரிசோதனையையும் அதே இடத்தில் செய்துகொண்டால் ஒப்பிட வசதி.

சரி, 14 எவ்வளவு குறைவு? இங்கே நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011இல் 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய எலும்புக்கும் போதும், 12க்குக் கீழே போனால் குறைபாட்டு நோய்க்கு வாய்ப்பு என்றது. அதே ஆண்டு ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 20க்குக் கீழே குறைபாடு, 30க்கு மேல் போதுமானது என்று கோட்டை உயர்த்திப் போட்டது. பெரும்பாலான ஆய்வக அறிக்கைகளில் ‘போதாது’ என்று சிவப்பில் அச்சாவது இந்த இரண்டாவது கோட்டின்படிதான். ஒரே கையெழுத்தில் உலகத்தில் பாதிப்பேர் நோயாளி ஆனது இப்படித்தான் என்று நாங்கள் கிண்டலாகச் சொல்லிக்கொள்வோம். அதே சொசைட்டி 2024இல் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டபோது, 30 என்ற அந்த எல்லையை இனி ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. நோயைத் தடுக்க இந்த எண்தான் வேண்டும் என்று காட்டும் சான்று போதவில்லை என்பது காரணம். 12ஐவிடச் சற்று மேலே இருந்தாலும், ‘போதும்’ என்று யார் போட்ட கோட்டில் வைத்துப் பார்த்தாலும் 14 அதற்குக் கீழேதான் நிற்கிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் விவாதம் வேண்டாம். 24 என்று வந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன்.

இப்போது அந்த 60–80. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். ஸ்டாஷா கோமினாக் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், தலைவலி, தூக்கக் கோளாறு என்று தன்னிடம் வந்தவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார். 60–80 நானோகிராமில் பல மாதம் நிறுத்தியபோது பலருக்குத் தூக்கம் தேறியது என்று 2012இல் ஒரு கட்டுரையில் எழுதினார். வைட்டமின் டி பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் தூக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, தூக்கக் கோளாறுகள் பெருகுவதற்கே இந்தக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்றார். கட்டுரை வந்த இதழ் கருதுகோள்களுக்கென்றே நடத்தப்படுவது. மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட குழு ஒன்று அந்த வேலையில் கிடையாது. யோசனை சுவாரசியமானது, பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மருத்துவர் தன் நோயாளிகளிடம் கவனித்த ஒன்று, இணையத்தில் கை மாறி மாறி வந்து, ‘விஞ்ஞானம் நிரூபித்த அளவு’ என்று உங்களை வந்து சேர்ந்திருக்கிறது.

தூக்க விஷயத்தில் இந்த ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தூக்கம் தானாகவே ஏறி இறங்கும் சங்கதி. ஆள் மருத்துவரிடம் போவது தூக்கம் ரொம்ப மோசமாக இருக்கிற மாதத்தில். அதற்கு அடுத்த மாதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறியிருக்கும். கூடவே ‘மருந்து எடுக்கிறேன்’ என்ற நிம்மதி சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் தேறும். தூக்கமின்மை ஆய்வுகளில் போலி மாத்திரை வாங்கியவர்களும் கணிசமாகத் தேறுவது தெரிந்த கதை.

ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வுகளும் இருக்கின்றன, அவை ஒரே திசையில் பேசவில்லை. ஈரானில் தூக்கக் கோளாறு உள்ள 20 முதல் 50 வயதுக்காரர்கள் 89 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50,000 அலகு (மாத்திரை அளவைச் சொல்லும் சர்வதேச அலகு, IU), எட்டு வாரம். வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தூக்க மதிப்பெண் நன்றாகவே தேறியது. மறுபக்கம், 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. மாதவிடாய் நின்ற, எடை கூடிய பெண்கள் இருநூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு வருஷம் தினம் 2,000 அலகு. எல்லோருக்குமே தொடக்கத்தில் வைட்டமின் டி குறைவு. தூக்கம் தேறவில்லை. அதைவிட, ரத்த அளவு நன்றாக ஏறியவர்களிடம் தூக்கத்தின் தரம் கொஞ்சம் மோசமாகி, தூக்க மாத்திரை தேவைப்படுவதும் கூடியிருந்தது. ஒற்றை ஆய்வை வைத்து ‘ஏற்றினால் தூக்கம் கெடும்’ என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் ஏற ஏற நல்லது என்ற கணக்குக்கு அது ஒத்துவரவில்லை என்பதை மறைக்கவும் முடியாது.

இப்படி வந்த ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் ஒரு தொகுப்பாய்வு போட்டார்கள். பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் என்று ஒன்று 1989 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 0 முதல் 21 வரை மதிப்பெண். 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். அந்தக் கோலில் வைட்டமின் டி எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.3 புள்ளிபோலக் குறைந்திருந்தது. ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. 12 வாங்கியவர் 10க்கு வருவார். தூக்கம் சரியாகிவிட்டது என்று சொல்ல 5க்கு வர வேண்டும். சேர்க்கப்பட்டவை சிறிய ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு மாதிரி நோயாளி என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைட்டமின் டி குறைந்தவர்களுக்குத் தூக்கக் கோளாறு அதிகம் என்று காட்டும் கணக்கெடுப்பு ஆய்வுகள் வேறு இருக்கின்றன. 2018 தொகுப்பொன்று, ஒன்பது ஆய்வுகளில் 9,397 பேரை வைத்து, குறைபாடு உள்ளவர்களிடம் தூக்கக் கோளாறு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று காட்டியது. நீங்கள் படித்ததில் இதுதான் முதல் ஆதாரமாக இருந்திருக்கும். தொடர்பு உண்மை. ஆனால் எது எதனால் என்பதில்தான் முழு வில்லங்கமும்.

யோசித்துப் பாருங்கள். யாருக்கு வைட்டமின் டி குறையும்? வெளியே போகாதவருக்கு. இரவு வேலை பார்த்துப் பகலில் திரை போட்டுப் படுப்பவருக்கு. உடம்பு முடியாமல் வீட்டோடு இருப்பவருக்கு. மனம் சோர்ந்து அறையை விட்டு வராதவருக்கு. எடை கூடியவருக்கு, வைட்டமின் டி கொழுப்பில் கரைவதால் உடல் கொழுப்பு அதிகமாக இருந்தால் ரத்தத்தில் சுற்றுவது குறைகிறது. இப்போது இதே பட்டியலை வைத்துக்கொண்டு, இவர்களில் யாருக்குத் தூக்கம் கெடும் என்று கேளுங்கள். எல்லோருக்கும்தான்! எடை கூடியவருக்குக் குறட்டையும் மூச்சுத் தடையும், மனம் சோர்ந்தவருக்கு அதிகாலை விழிப்பு, வீட்டோடு இருப்பவருக்கு நாள் கணக்கே குழம்பிப்போய்விடும். இவர்கள் பலரிடம் வைட்டமின் டி குறைவு, வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதைக் காட்டும் ஓர் அடையாளம் மட்டும்தான்.

அதிலும் சூரிய ஒளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த முழுக் கேள்வியிலும் முக்கியமாகப் படுவது இதுதான். சூரியன் நமக்கு இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் வேறு வேறு வழியாக. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி கதிர். அது கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வராது. சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் போதுமான அளவு கிடைக்கும். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுகிறதென்றால் அந்த வெயிலில் வைட்டமின் டி உண்டாவது சொற்பம். உடலின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதோ கண் வழியாகப் போகும் வெளிச்சம். அதற்குப் புற ஊதாக் கதிரே வேண்டாம், காலை வெளிச்சமே போதும், அதுதான் நல்லதும்கூட. வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் இருக்கும் வெளிச்சம் நூறு முதல் ஐந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயில் அடித்தால் பதினாயிரங்களில் போகும். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை, கடிகாரத்துக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு 14 வந்திருக்கிறதென்றால், நீங்கள் பகல் வெளிச்சத்தையே சரியாகப் பார்ப்பதில்லையோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. மாத்திரை வைட்டமின் டி-யை ஈடுகட்டிவிடும். கண்ணுக்குப் போக வேண்டிய வெளிச்சத்தை ஈடுகட்டாது. அளவு 35க்கு ஏறியும் தூக்கம் அப்படியே இருக்கிறது என்று குழம்புபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே மாத்திரை தொடங்கும் அதே நாளில், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளியே நடக்க ஆரம்பியுங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். ஒரே ஒரு திருத்தம்: மாலை எட்டு மணிக்கே கண் சொக்கி, ஒன்பதுக்குப் படுத்து, மூன்றுக்கு விழிப்பவராக இருந்தால் உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுகிறது. அப்படியானவருக்கு அதிகாலை வெளிச்சம் இன்னும் முன்னால் தள்ளும். அவருக்கு மாலை வெளிச்சம்தான் உதவும்.

வைட்டமின் டி-க்கும் தூக்கத்துக்கும் நேரடி வழியே இல்லையா? இருக்கலாம். செரட்டோனினைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை வைட்டமின் டி தூண்டுவதைச் செல் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செரட்டோனினிலிருந்துதான் இரவு வந்துவிட்டதென்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் ஹார்மோன் உருவாகிறது. ஆய்வகத் தட்டில் நடப்பது மூன்று மணிக்கு விழிக்கிற ஆளிடம் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். நான் அதிகம் நம்புவது சாதாரணமான இன்னொரு வழியை: வலி. குறைபாடு கடுமையாகி நீண்ட நாள் நின்றால் எலும்பு மென்மையாகும், தசை பலவீனப்படும், இடுப்பு, தொடை, கெண்டைக்காலில் மந்தமான வலி வரும். வலியோடு படுத்தவருக்கு எப்படித் தூக்கம் வரும்? கால் வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி குறைபாட்டால் வந்ததாக இருந்தால், சில வாரங்களில் வலி குறைந்து தூக்கமும் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நான் பார்த்தவரை, ‘வைட்டமின் டி போட்டேன், தூக்கம் வந்தது’ என்று நம்பகமாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் 10க்குக் கீழே இருந்து, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வந்தவர்கள்தான்.

இனி அளவு. டி3 வடிவம் வாங்குங்கள். டி2-வைவிட அது அளவை நன்றாக ஏற்றி நிறுத்துகிறது. உறையில் மைக்ரோகிராம் போட்டிருந்தால் 40ஆல் பெருக்குங்கள். 25 மைக்ரோகிராம் என்பது 1,000 சர்வதேச அலகு. 14 இருக்கிற, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற பெரியவர் ஒருவருக்கு மருத்துவர்கள் இரண்டு வழியில் ஒன்றைச் சொல்வார்கள்: வாரம் ஒருமுறை 50,000 அல்லது 60,000 அலகு எட்டு வாரம், பிறகு தினசரி சிறிய அளவு, இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே தினம் 2,000 அலகுபோல. அவசரம் இல்லாத இடத்தில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குறைவாக இருப்பவருக்குத் தினம் 1,000 அலகு மூன்று மாதத்தில் 6 முதல் 10 நானோகிராம்வரை ஏற்றும் என்பது தோராயக் கணக்கு. 2,000 போட்டால் 30ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். மேலே போகப் போக ஏற்றம் மந்தமாகும். குறைபாடு சரியான பிறகு பெரியவர்களுக்குத் தினம் 600 அலகு, 70 வயது தாண்டினால் 800 என்பது வழக்கமான தேவை. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தினம் 4,000ஐத் தாண்ட வேண்டாம்.

ஒரே விழுங்கில் வருஷத்துக்குப் போதுமானதைப் போட்டுவிடலாமே என்ற யோசனையும் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்கள் 2,256 பேரில் பாதிப்பேருக்கு வருஷத்துக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு கொடுத்தார்கள். கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது இரண்டும் கூடியிருந்தது. உடம்புக்கு இது கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் சரி.

காலையா இரவா என்ற கேள்விக்கு: எந்த வேளையில் கொஞ்சம் கொழுப்பு உள்ள நிறைவான சாப்பாடு சாப்பிடுகிறீர்களோ, அந்த வேளையில். வெறும் வயிற்றில் போட்டால் சேர்வது குறையும். இரவில் போட்டால் தூக்கம் கெடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். இரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும் பொருள் நாலு மணி நேர வித்தியாசத்தில் இப்படிச் செய்யும் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்கு அப்படித் தோன்றினால் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று வாரம்போல எடுக்கும் பொருள் ஒரு நிலைக்கு வர அவ்வளவு நாள் ஆகும். நாலாவது வாரத்தில் பார்த்தால் ஏறிக்கொண்டிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பீர்கள். 30ஐ ஒட்டி வந்துவிட்டால் பராமரிப்பு அளவுக்கு இறங்கிவிடலாம். மாதாமாதம் பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தேவையே கிடையாது. ஒழுங்காகப் போட்டும் எண் நகரவில்லை என்றால் மாத்திரையை இரட்டிப்பாக்காமல் காரணத்தைத் தேடுங்கள்: குடலில் கொழுப்பு சேராத நோய், வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின், கார்பமஸெபின் போன்ற மருந்துகள், எடைக்குறைப்புக்குப் போடும் ஆர்லிஸ்டாட், நீண்ட நாள் ஸ்டீராய்டு.

முதல் முறையே வைட்டமின் டி-யோடு கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பாராதைராய்டு ஹார்மோனும். கால்சியம் ஏற்கெனவே அதிகமாக இருந்தால் மாத்திரையைத் தொடவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர், சார்கோய்டோசிஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர், தயாசைடு வகை நீர் மாத்திரையோ இதயத்துக்கான டிகாக்ஸினோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? நஞ்சாவது பெரும்பாலும் 150 நானோகிராமைத் தாண்டும்போது. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட முடிவு வரும்போதெல்லாம் விசாரித்தால் அநேகமாக ஒரே கதைதான்: வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று போட்டிருப்பார்கள். கால்சியம் ஏறி, தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம் என்று வரும். இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தூக்கம் எப்படி இருக்கும்? தூக்கத்துக்காக ஏற்றப்போய், அந்த ஏற்றமே தூக்கத்தைக் கெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்பில் சேர்ந்திருப்பதால் நிறுத்தினாலும் உடனே இறங்காது, மாதங்கள் ஆகும். 60–80 இந்த ஆபத்துக்குத் தள்ளியே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே நிலைத்து நிற்கத் தினம் பல ஆயிரம் அலகு போட வேண்டியிருக்கும், வருஷக்கணக்கில், பயன் உறுதியில்லாத ஒன்றுக்காக. எனக்கு அந்த வியாபாரம் கட்டுப்படியாகத் தெரியவில்லை.

இனி, மூன்று மணி விழிப்பு. மூன்று மாதம் வைட்டமின் டி ஏறும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். பக்கத்தில் படுப்பவரிடம் முதலில் கேளுங்கள்: குறட்டை உண்டா, இடையில் மூச்சு நின்று திணறி மீண்டும் வருகிறதா? மூச்சுத் தடை பலருக்கு இரவின் பின்பாதியில்தான் முற்றும், ஏனென்றால் கனவுத் தூக்கம் அதிகம் வருவது அப்போதுதான். கழுத்து தடித்திருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறீர்கள் என்றால் தூக்கப் பரிசோதனை வைட்டமின் டி-யைவிட அவசரம்.

கால் வலி என்றீர்களே, அது வலியா, இல்லை படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியாத ஒரு குறுகுறுப்பா? எழுந்து நடந்தால் போய்விடுகிறதா? அப்படியானால் அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். பார்க்க வேண்டியது, உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். ரத்தசோகை இல்லாவிட்டாலும், ஃபெரிட்டின் 75க்கு மேல் இல்லையென்றால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது அந்த நோய்க்கான வழிகாட்டுதல். ஆய்வக அறிக்கையில் 30 கூட ‘இயல்பு’ என்றுதான் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். வைட்டமின் டி-க்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு ஃபெரிட்டினுக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் தூங்கியிருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

தைராய்டு, இரவு மது, மாலைக்கு மேல் காபி, மாலையில் போடும் நீர் மாத்திரை, நெஞ்செரிச்சல், பெண்ணாக இருந்தால் மாதவிடாய் நிற்கும் காலத்து வியர்வை, இதையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடியலுக்கு முன்னே விழித்து மனம் கனத்துக் கிடக்கிறது, எதிலும் நாட்டம் இல்லை என்றால் மனச்சோர்வையும் பேச வேண்டும். வைட்டமின் டி அதையும் தீர்க்கும் என்று சொல்வார்கள். வைட்டல் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் தினம் 2,000 அலகு ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வருவது குறையவில்லை. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலோருக்குக் குறைபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் இல்லை, வெறும் தூக்கமின்மைதான், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் என்றால், முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அதில் இரண்டு விஷயம் நீங்களே தொடங்கலாம். விழித்து இருபது நிமிஷம் ஆனதாகத் தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் போங்கள். மணி பார்க்க வேண்டாம். இரண்டாவது கொஞ்சம் கசப்பானது: ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் படுக்கையில் ஒன்பது மணி நேரம் கிடக்காதீர்கள். படுக்கையில் இருப்பதை ஆறு மணி நேரமாகச் சுருக்கி, எழும் நேரத்தை மாற்றாமல் வைத்து, தூக்கம் இறுகியதும் கால் மணி கால் மணியாகக் கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும். நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர், வலிப்பு நோய் உள்ளவர், இருமுனை மனநோய் உள்ளவர் தனியாக இதைச் செய்யக் கூடாது.

ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம், காலை நடை போனதா, கால் வலி எவ்வளவு, மாத்திரை போட்டதா. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பன்னிரண்டாவது வாரம் திரும்பப் பார்க்கும்போது, வலி குறைந்த வாரங்களில் தூக்கம் தேறியதா, நடை போன வாரங்களில் தேறியதா என்பது ஓரளவு தெரியும். எண் 32 ஆகியும் மூன்று மணிக்கே விழிக்கிறீர்கள் என்றால், வைட்டமின் டி தன் வேலையை முடித்துவிட்டது, தூக்கத்துக்கு வேறு வாசலைத் தட்ட வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள்? நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பது எண்டோகிரைன் சொசைட்டியின் 2024 நிலைப்பாடு. எழுபத்தைந்து தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் பரிசோதனை இல்லாமலேயே சிறிய தினசரி அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களைப் போலவே பகலெல்லாம் உள்ளே இருந்து உடம்பு வலிக்கிறது என்று சொல்பவர் யாராவது இருந்தால் அவருக்குப் பாருங்கள். மற்றவர்களைக் காலை நடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், போதும்.